கால் முந்திய குழந்தையும் கத்தியும் - ஒரு சின்ன வரலாறு

பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஆணா, பெண்ணா?". இரண்டாவது கேள்வி "சுகப்பிரசவமா, சிசேரியனா?". இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அதிலும் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்துவிட்டால், அந்த வரலாறு ஒரு துப்பறியும் கதை மாதிரி போகிறது. நடுவில் ஒரு ராஜகுமாரன் வருகிறான், 26 நாடுகளில் நடந்த ஒரு பரிசோதனை வருகிறது, கடைசியில் ஒரு திருட்டும் வருகிறது. திருடு போனது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வரலாற்றுக் கட்டுரை, மருத்துவ ஆலோசனை இல்லை. யாருக்கு எது சரி என்பது அந்தத் தாயும் அவர் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டியது.)

தலைதான் பிரச்சினை

ஏழாம் மாத வாக்கில், அதாவது 28 வாரத்தில், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு பெரும்பாலானவை தாமாகவே குட்டிக்கரணம் அடித்துத் தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். நாள் நிறையும்போது 100க்கு 3 அல்லது 4 குழந்தைகள் மட்டும் அப்படியே இருந்துவிடுகின்றன. புட்டமோ காலோ முதலில் வரும் இந்த நிலையைத்தான் ஆஸ்பத்திரியில் 'பிரீச்' என்கிறார்கள். பாட்டிமார் சொல்வது "கால் முந்திப் பிறந்தது".

இதில் என்ன ஆபத்து? குழந்தையின் உடம்பில் பெரிய பாகமும் கெட்டியான பாகமும் தலைதான். தலை முதலில் வந்தால், மணிக்கணக்கில் மெதுவாக நெருங்கி, இடுப்பெலும்பின் வடிவத்துக்கு ஏற்பக் கொஞ்சம் வளைந்துகொடுத்து வெளியே வரும். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிரீச்சில் எல்லாமே தலைகீழ். கால், இடுப்பு, வயிறு எல்லாம் வந்த பிறகு கடைசியில் தலை வர வேண்டும். அந்த நேரத்தில் தொப்புள்கொடி தலைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கால் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கொடியே முதலில் நழுவி வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

பழைய மனிதர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரோமாபுரியில் கால் முந்திப் பிறப்பதை அபசகுனமாக நினைத்தார்கள். 'அக்ரிப்பா' என்ற பெயரே கஷ்டப்பட்டு, கால் முந்திப் பிறந்தவர்களுக்கு வைக்கும் பெயர் என்று பிளினி எழுதியிருக்கிறார். நம்ம ஊரில் அப்படியே நேர்மாறு. கால் முந்திப் பிறந்தவருக்குத் தனி மவுசு. இடுப்பில் பிடிப்பு வந்தால் அவரைத் தேடிப்பிடித்துக் காலால் மிதிக்கச் சொல்வார்கள் :-)

ராஜகுமாரனின் இடது கை

1859 ஜனவரி 27, பெர்லின். பிரஷ்ய அரண்மனையில் 18 வயது விக்டோரியாவுக்குத் தலைப்பிரசவம். இவர் இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் மூத்த மகள். அம்மா லண்டனிலிருந்து மருத்துவச்சியையும் டாக்டரையும் அனுப்பி வைத்திருந்தார். பெர்லினின் பெரிய மகப்பேறு பேராசிரியரான எட்வார்ட் மார்ட்டினும் பிறகு வந்து சேர்ந்தார். குளோரோஃபார்ம் இருந்தது, பணம் இருந்தது, உலகத்திலேயே சிறந்த கவனிப்பும் இருந்தது. ஆனால் குழந்தை பிரீச்.

புட்டம் வந்தது, கைகள் வரவில்லை. இடது கை தலைக்கு மேலே போய்ச் சிக்கிக்கொண்டது. கொடி நசுங்குகிறது, நேரம் இல்லை. டாக்டர் உள்ளே கைவிட்டு அந்தக் கையை இழுத்து எடுத்தார். பிறந்த குழந்தை மூச்சுவிடவில்லை. தேய்த்து, தட்டி, ஒருவழியாக அழவைத்தார்கள். சில நாட்கள் கழித்துத்தான் இடது கை அசையவில்லை என்பதைக் கவனித்தார்கள். கழுத்துப் பக்கத்து நரம்புகள் சேதமாகியிருந்தன. அந்தக் குழந்தைதான் பின்னால் ஜெர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம். அவருடைய இடது கை வலது கையைவிடச் சுமார் 15 செ.மீ. குட்டை. அவர் புகைப்படங்களைப் பாருங்கள். அந்தக் கை எப்போதும் கையுறையைப் பிடித்திருக்கும், வாள் பிடியில் இருக்கும், இல்லை பைக்குள் இருக்கும்.

முதல் உலகப்போரே இந்தக் கையால்தான் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதெல்லாம் ரொம்ப அதிகப்படி. நமக்கு வேண்டிய கேள்வி வேறு. அன்று அந்த டாக்டர்கள் ஏன் சிசேரியன் செய்யவில்லை?

பதில் எளிது. 1859இல் சிசேரியன் என்றால் அநேகமாகத் தாய்க்கு மரண தண்டனை. கிருமி பற்றித் தெரியாது. கருப்பையைத் திறந்த டாக்டர்கள் அதைத் தைக்காமலேயே விட்டுவிடுவார்கள். ரத்தப்போக்கிலோ காய்ச்சலிலோ தாய் போய்விடுவார். ஆகவே அன்று தராசு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தட்டில் குழந்தைக்கு ஆபத்து, மறு தட்டில் தாயின் சாவு. எந்தத் தட்டு கனம் என்று கேட்கவா வேண்டும்?

கைகளின் காலம்

கத்தி உதவாத காலத்தில் மனிதர்கள் கையை நம்பினார்கள். பிரீச் பிரசவ வரலாறு என்பது பெரும்பாலும் கை வித்தைகளின் வரலாறு.

1668இல் பாரிஸில் ஃபிரான்சுவா மோரிசோ ஒரு பிரசவ நூல் வெளியிட்டார். குழந்தையின் உடம்பைத் தன் முன்கையில் படுக்கவைத்து, விரலால் முகத்தைக் கீழ்நோக்கிக் குனியவைத்துத் தலையை எடுக்கும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி அதே வழியை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1920களில் அமெரிக்காவின் எட்மண்ட் பைப்பர், கடைசியில் வரும் தலைக்கென்றே தனி ஆயுதம் ஒன்றை வடிவமைத்தார். 1930களில் பெர்லினின் எரிக் பிராக்ட் வேறு மாதிரி யோசித்தார். இழுக்காதே, குழந்தை தானாக வரட்டும், வரும்போது அதன் உடம்பை மெல்லத் தாயின் வயிற்றுப் பக்கம் தூக்கிக்கொடு, அது போதும் என்றார்.

1937இல் நார்வேயின் யோர்கன் லோவ்செட் ஒரு முறையை எழுதினார். மேலே சிக்கிய கையை இழுக்க வேண்டாம், குழந்தையின் உடம்பையே ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பினால் கை தானாக இறங்கிவரும் என்பதுதான் அது. கெய்சரின் கையைக் கெடுத்த அதே சிக்கலுக்கு விடை! அப்போது கெய்சர் பதவி இழந்து நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்தார். வயது 78. விடை வருவதற்கு அவர் வாழ்நாள் முழுவதும் ஆகிவிட்டது.

இந்த வித்தைகள் எதையும் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. மூத்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவர் பார்க்கச் செய்ய வேண்டும், பலமுறை செய்ய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கத்தி பாதுகாப்பானது

இதற்கிடையில் சிசேரியனும் மாறிக்கொண்டே வந்தது. 1876இல் இத்தாலியின் எதுவார்தோ போர்ரோ, குழந்தையை எடுத்ததும் கருப்பையையும் நீக்கிவிட்டுத் தாயைக் காப்பாற்றினார். 1882இல் ஜெர்மனியின் மாக்ஸ் சாங்கர், கருப்பையை நீக்க வேண்டாம், ஒழுங்காகத் தைத்தால் போதும் என்று காட்டினார். 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்றைக்கும் பெரும்பாலும் அந்த வெட்டுதான். பிறகு ரத்தம் ஏற்றும் வசதி வந்தது, பெனிசிலின் வந்தது, மயக்க மருந்தும் நல்லதாக வந்தது.

தராசின் ஒரு தட்டில் இருந்த தாயின் சாவு மெல்ல மெல்லக் கரைந்தது. 1959இல் அமெரிக்காவின் ரால்ஃப் ரைட் என்ற டாக்டர் துணிந்து எழுதினார்: நாள் நிறைந்த பிரீச் குழந்தைகள் எல்லாவற்றையும் சிசேரியனில் எடுத்துவிடலாமே! அடுத்த 30 ஆண்டுகளில் அமெரிக்கா பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஐரோப்பாவில் பல இடங்களில் பழைய கைகள் வேலை செய்துகொண்டே இருந்தன. யார் சொல்வது சரி என்று கேட்டால் இரண்டு பக்கமும் "என் அனுபவத்தில்..." என்றுதான் ஆரம்பித்தார்கள். 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் 208 பெண்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஆனால் அரிதாக நடக்கும் ஒரு மரணத்தைக் கணக்கிட அந்த எண்ணிக்கை போதாது.

2000: ஒரே பரிசோதனை, உலகமே மாறியது

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ஹானா தலைமையில் 1997இல் பெரிய பரிசோதனை ஒன்று ஆரம்பமானது. 26 நாடுகள், 121 மருத்துவமனைகள், 2088 பெண்கள். நாள் நிறைந்து குழந்தை பிரீச்சாக இருந்தால், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் திட்டமிட்ட சிசேரியன், பாதிப் பேருக்குத் திட்டமிட்ட இயற்கைப் பிரசவம். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததால் 2000 ஏப்ரலில் நடுவிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் லான்செட் இதழில் முடிவு வந்தது.

குழந்தை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்ற கணக்கில், சிசேரியன் பிரிவில் 1.6 சதவீதம். இயற்கைப் பிரசவப் பிரிவில் 5.0 சதவீதம். இறப்பு மட்டும் பார்த்தால் 3க்கு 13. தாய்மார்களுக்கு உடனடியாகப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சிசு மரணம் குறைவாக உள்ள நாடுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இடைவெளி இன்னும் அதிகம், 0.4க்கு 5.7.

இப்படி ஒரு எண்ணைப் பார்த்த பிறகு எந்த டாக்டருக்குத் தைரியம் வரும்? எந்தத் தாய்க்கு வரும்? நெதர்லாந்தில் இரண்டே மாதங்களில் பிரீச் சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக ஏறியது. 2001இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, இனி திட்டமிட்ட சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டது. மருத்துவ உலகில் ஒரு கட்டுரை இவ்வளவு வேகமாக நடைமுறையை மாற்றுவது ரொம்ப அபூர்வம்.

இரண்டாவது யோசனை

பிறகுதான் கதை திரும்புகிறது. பரிசோதனையை நுணுக்கமாகப் படித்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். விதிப்படி சேர்க்கக்கூடாத சிலரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சில பிரசவங்களில் அனுபவமுள்ள கை பக்கத்திலேயே இல்லை. சில மரணங்களுக்கும் பிரசவ முறைக்கும் சம்பந்தமே இல்லை.

2004இல், அதே பரிசோதனையில் பிறந்த 923 குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்த முடிவு வெளிவந்தது. இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு சிசேரியன் பிரிவில் 3.1 சதவீதம், இயற்கைப் பிரசவப் பிரிவில் 2.8 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை! பிறந்த நேரத்தில் மோசமாக இருந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள்.

2006இல் பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து 174 மருத்துவமனைகளின் கணக்கை வெளியிட்டன. 8105 பெண்கள். இதில் குலுக்கல் இல்லை. எப்போதும்போலக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, அளந்து பார்த்து, பிரசவம் முழுக்கக் கண்காணித்துச் செய்த இடங்கள். 2526 பேர் இயற்கைப் பிரசவத்துக்குத் திட்டமிட்டார்கள். அவர்களில் 71 சதவீதம் பேருக்கு அப்படியே நடந்தது. மோசமான விளைவுகள் 1.60 சதவீதம். சிசேரியனில் 1.45. கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை.

அதே 2006இல் அமெரிக்கக் கல்லூரி தன் கருத்தைத் தளர்த்தியது. எந்த முறை என்பது டாக்டரின் அனுபவத்தைப் பொறுத்தது என்றது. 2009இல், பரிசோதனை பிறந்த கனடாவிலேயே மகப்பேறு மருத்துவர் சங்கம், தேர்ந்தெடுத்த பெண்களுக்கு இயற்கைப் பிரசவம் நியாயமான வழிதான் என்று சொன்னது.

அப்படியானால் சிசேரியன் வீண் பயமா? அப்படியும் சொல்ல முடியாது. 2017இல் இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொன்ன கணக்கு இது: திட்டமிட்ட சிசேரியனில் 1000க்கு சுமார் 0.5 குழந்தை இறக்கிறது. திட்டமிட்ட பிரீச் பிரசவத்தில் 1000க்கு சுமார் 2. தலை கீழே உள்ள சாதாரணப் பிரசவத்தில் சுமார் 1. வித்தியாசம் உண்மை, ஆனால் சின்னது. நெதர்லாந்தில் 2014இல் போட்ட கணக்குப்படி ஒரு குழந்தையின் மரணத்தைத் தடுக்க 338 சிசேரியன்கள் செய்ய வேண்டியிருந்தது.

அந்த ஒரு குழந்தை நம் குழந்தையாக இருந்தால் 338 என்ன, 3000 கூடச் செய்யலாம் என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் மறு தட்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். அதே நெதர்லாந்தில் 2000 முதல் 2002 வரை, பிரீச்சுக்காகத் திட்டமிட்டுச் செய்த சிசேரியனுக்குப் பிறகு 4 தாய்மார்கள் இறந்தார்கள். வெட்டிய கருப்பையில் அடுத்த கர்ப்பம் வரும்போது தழும்பு பிரியலாம், நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொண்டு ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். முதல் குழந்தைக்காக வாங்கும் பாதுகாப்புக்கு இரண்டாவது, மூன்றாவது குழந்தையின்போது விலை கொடுக்க நேரலாம். ஒரே குழந்தையோடு நிறுத்துபவருக்கும் நான்கு பெற விரும்புபவருக்கும் தராசு ஒரே மாதிரி காட்டாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 36, 37 வாரத்தில் வயிற்றின் மேலிருந்தே கையால் மெல்ல அழுத்திக் குழந்தையைத் திருப்பிவிடுவது. ஏறக்குறைய பாதி முயற்சிகள் பலிக்கின்றன. இதுவும் கை வேலைதான்.

திருடு போனது

இப்போது அந்தத் திருட்டுக்கு வருவோம். 2000இல் வந்த முடிவு இரண்டு மாதத்தில் நடைமுறையை மாற்றியது. அதைத் திருத்தும் ஆதாரங்கள் வர 4 முதல் 6 ஆண்டுகள் ஆயின, வழிகாட்டிகள் மாற இன்னும் சில ஆண்டுகள். இந்த இடைவெளியில் என்ன ஆனது? மூத்த டாக்டர்கள் ஓய்வு பெற்றார்கள். புதிதாகப் படித்து வந்தவர்களில் பலர் பிரீச் பிரசவத்தைப் பொம்மையில் மட்டும்தான் பார்த்தார்கள். மோரிசோவிலிருந்து லோவ்செட் வரை சுமார் 270 ஆண்டுகள் சேர்த்து வைத்த கை வித்தை ஒரே தலைமுறையில் மெலிந்துவிட்டது.

அதன் பிறகு வழிகாட்டி என்ன சொல்கிறது? "அனுபவமுள்ளவர் இருந்தால் இயற்கைப் பிரசவம் நியாயமான வழி." அனுபவமுள்ளவர் எங்கே? காகிதத்தில் தாய்க்குத் தேர்வு திரும்பக் கிடைத்தது, பிரசவ அறையில் கிடைக்கவில்லை. 1859இல் கத்தி இல்லாததால் தேர்வு இல்லை. இப்போது பல ஊர்களில் கை இல்லாததால் தேர்வு இல்லை. அனுபவம் இல்லாத கை சிசேரியனைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்மை, அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் அந்த நிலைமை எப்படி வந்தது என்று கேட்கலாம் அல்லவா?

விதிவிலக்குகள் உண்டு. பிரான்ஸில் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஃபிராங்க் லூவன் குழுவினர், தாயைப் படுக்கவைக்காமல் மண்டியிட்டு முன்குனிந்த நிலையில் பிரீச் பிரசவம் பார்க்கும் முறையை வளர்த்து, 2017இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

"எல்லாம் சரி, சிசேரியன் இவ்வளவு சுலபமான காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். இன்னும் கொஞ்சம் கூடினால் என்ன?

டொரன்டோ பரிசோதனைக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது. சிசேரியன் என்று முடிவாகியிருந்த பெண்களில் 90.4 சதவீதம் பேருக்குத்தான் சிசேரியன் நடந்தது. கிட்டத்தட்ட பத்தில் ஒருவர், சிசேரியன் திட்டத்தோடு வந்தும் இயற்கையாகவே பெற்றுவிட்டார். குழந்தை யாருடைய தேதிக்கும் காத்திருக்காது. வலி கண்டு ஆட்டோவில் வந்து இறங்கும்போதே புட்டம் தெரிகிற பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டர் தயாராகும் வரை நேரம் இருக்காது. அந்த நிமிடத்தில் நார்மலா சிசேரியனா என்ற விவாதமே கிடையாது. எதிரே நிற்கும் டாக்டரோ நர்ஸோ இதற்கு முன் ஒருமுறையாவது செய்திருக்கிறாரா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆகவே எல்லா பிரீச் குழந்தையையும் கத்தியால்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு ஊர் முடிவு செய்தாலும்கூட, அந்த ஊரின் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இந்த வித்தை தெரிந்த இரண்டு கைகள் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கைகளைத் தயார் செய்யும் செலவையும் சேர்த்துத்தான் தராசில் வைக்க வேண்டும். 2000இல் அதை யாரும் வைக்கவில்லை.